சாமிக்கு நேர்ந்த தாடி

என் தாடியை இந்த உலகத்தில் புகழ்ந்த ஒரே ஆள் அந்தக் கலை வாத்தியார்தான். அதனாலேயே அவர் மேல் இருந்த மரியாதை எனக்கு முதல் நாளே போய்விட்டது.

வீட்டுக்காரிக்கு அந்தத் தாடியைக் கண்டாலே ஆகாது. சோறு போடும்போது, "மொகத்தை அக்கட்டால திருப்பிக்குங்க, சாமைச் சோத்துல முடி உழுந்துரப் போவுது" என்பாள். மிளகு பறிக்க ஏணியில் ஏறினால் கொடியில் போய்ச் சிக்கும். வெயில் ஏறினால் அரிக்கும். ஆனாலும் கத்தி படக் கூடாது. என் மூஞ்சியில் முளைத்ததே தவிர அது என்னுடையது இல்லை, சாமியுடையது.

மகள் பன்னிரண்டாவது பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது மஞ்சள் காமாலையில் விழுந்தாள். கண் ரெண்டும் மஞ்சள் கிழங்கு. ஒரு வாய் கஞ்சி உள்ளே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில், படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் குலசாமி கோவிலுக்கு நடந்து போய், அங்கே நட்டிருக்கிற வேலுக்கு முன்னால் நெடுக விழுந்து சொன்னேன்: இவள் எழுந்து பரீட்சை எழுதி, மேலே படிக்கவும் போய்விட்டால், அடுத்த மாசித் திருவிழா வரைக்கும் முடியில் கத்தி வைக்க மாட்டேன், மொத்தத்தையும் உன் வாசலில் வந்து இறக்குகிறேன். எழுந்தாள். எழுதினாள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. நான் எட்டாவதோடு நின்றவன், அவள் அம்மா அஞ்சாவது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. சாமி தன் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டது. இனி என் முறை.

அவள் சேர்ந்தது விஸ்காம் என்று ஒரு படிப்பு. டிவி, சினிமா, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிவாரம் என்றார்கள். முதல் வருஷத்தில் ஓவியமும் மண் வேலையுமாக ஒரு பாடம் உண்டு. விடுதியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வாள்.

"இன்னிக்கு என்ன கண்ணு சொல்லிக் குடுத்தாங்க?"

"நாற்காலி வரையறதுங்கப்பா."

"பரவால்லையே."

"நாற்காலியை வரையக் கூடாதுங்க. அது காலுக்கு நடுவுல இருக்குற சந்து எடத்தை மட்டும் வரையோணும். அந்த எடத்தை வரஞ்சா நாற்காலி தானா வந்துரும்னு சார் சொன்னாரு."

"வந்துச்சா?"

"எனக்கு வரலீங்க."

அடுத்த வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு இடது கையால் வரைந்தார்கள். அதற்கடுத்த வாரம் காகிதத்தில் மையைக் கொட்டி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயால் ஊதினார்கள். ஒரு வாரம் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் பூப்பூவாகக் குத்தினார்கள். எங்கள் ஊர் பால்வாடியிலும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே கூடவே முட்டையும் போடுகிறார்கள்.

"எதுக்குக் கண்ணு இதெல்லாம்?" என்று கேட்டால், "சோதனை பண்ணிப் பாக்கறதுதான் முக்கியமுங்க, என்ன வருதுங்கிறது முக்கியமில்லைன்னு சார் சொல்றாரு" என்பாள். எனக்கு வயிறு எரியும். மரவள்ளிக் குச்சியைத் தலைகீழாக நட்டுப் பார்ப்பதும் சோதனைதான். கிழங்கு வராவிட்டால் அந்தச் சோதனையையா வேக வைத்துத் தின்பது? வெண்டைக்காயைப் பொரியல் செய்கிறவனுக்கு அதனுள்ளே பூ இருக்கிறது என்று தெரியாதா? இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள், அவருக்கு ஒரு அறை, அறைக்குள் மின்விசிறி நாலு.

மார்கழியில் பெற்றோர் கூட்டம் என்று அழைத்தார்கள். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து, மலைப் பாதையின் எழுபது வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு டீயால் வயிற்றைச் சமாதானப்படுத்தி, இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்த வாத்தியாரை அன்றுதான் கண்டேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தார். ஜிப்பாவில் சாயக்கறை, அதுவும் கறை படவேண்டிய இடத்தில் பார்த்துப் பட்ட கறை. என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா! என்ன ஒரு முகம்! இந்தத் தாடியோட டெக்ஸ்ச்சர் இருக்கே, அடடா!"

நான் மகளைப் பார்த்தேன். "டெக்ஸ்ச்சர்னா என்ன கண்ணு?"

"சொரசொரப்புங்கப்பா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

மூஞ்சி சொரசொரப்பாக இருக்கிறது என்பதை ஒருவன் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது. அதோடு விட்டாரா? கையை நீட்டித் தாடி நுனியைப் பிடித்து விரலால் உருட்டிப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"சாமிக்கு நேர்ந்ததுங்க. கை வெக்காதீங்க."

"ஓ! சூப்பர்! அதுவே ஒரு கதையாச்சே!" என்றார்.

கதையாம். பிள்ளை பிழைத்த கதை அவருக்குச் சூப்பர்.

அந்தப் பருவத்துக்குப் பெரிய வேலை, ஆளைப் பார்த்து மண்ணில் தலை செய்வது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆளை அழைத்து வர வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். முடிவு நாளில் வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்து, மண் தலையையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மார்க் போடுவார். மகள் வாயைத் திறக்கும் முன்பே வாத்தியார், "உன் அப்பாதான், வேற யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவருக்காக இல்லை, அவளுக்காகச் சரி என்றேன்.

மூன்று சனிக்கிழமை போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். ஆடக் கூடாது, பேசக் கூடாது. கோவிலில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. சுற்றிலும் பிள்ளைகள் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் கல்லூரிக் காவலாளியைச் செய்தான். வாட்டி வைத்த மரவள்ளிக் கிழங்குபோல வந்திருந்தது. வாத்தியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல ஒரு வலி இருக்கு" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த காவலாளி என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு வலியும் இல்லீங்க, இடுப்புதான் கொஞ்சம்" என்றார். சிரித்தால் தாடி ஆடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மகள் தாடியைத்தான் முதலில் செய்தாள். செய்ய வைத்தார்கள் என்பதுதான் சரி. "தாடி, தாடி, தாடியைக் கொண்டா" என்று வாத்தியார் தலைக்கு மேலே நின்றால் பிள்ளை என்ன செய்யும்? சீப்பால் கீறி, குச்சியால் சுருட்டி, இறங்குகிற அருவிபோல ஒரு தாடி. அதற்கு மேலே முகம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் யாரோ ஒரு முனிவர். நான் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்றாவது சனிக்கிழமை, அந்த மண் தலையின் இடது காது வெறும் வடையாக இருந்தது. வாத்தியார் அந்த வழியாகப் போனவர் பேசாமல் நின்று, கட்டைவிரலால் ஒரு அழுத்து, நகத்தால் ஒரு கீறு, அவ்வளவுதான், போய்விட்டார். அது என் காது. மடல் மடங்கியிருக்கிற விதம் உட்பட என் காதேதான். கையில் அப்படி ஒரு வேலையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் வெண்டைக்காயைக் குத்திக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

முடிவு நாளைத் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். வெள்ளி கீழே போய் உட்கார்ந்துவிட்டு, திங்கள் கோவிலில் முடி இறக்கலாம். எனக்கு ஒத்துவந்தது. புதன்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, முடிவு நாளைத் தள்ளி வெச்சுட்டாங்க. சாரோட படத்தை எல்லாம் சென்னையில கண்காட்சி வெக்கறாங்களாம். அடுத்த வெள்ளிதானுங்க."

அடுத்த வெள்ளி என்றால் திருவிழா முடிந்து நாலு நாள்.

"திங்களே முடி எறக்கோணுமே கண்ணு."

"அதைத்தானுங்க சார்கிட்டச் சொன்னேன். அவரே உங்ககிட்டப் பேசறாராமுங்க."

போன் கை மாறியது.

"ஐயா, ஒரு பத்து நாள் தள்ளிப் போடுங்களேன். சாமி கோவிச்சுக்கவா போகுது?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. சொன்னது நானுங்களே."

"உங்க பொண்ணோட மார்க்குங்கய்யா. தாடி இல்லாம நீங்க வந்து நின்னா, வர்ற மேடம் இது வேற ஆள்னு சொல்லிடுவாங்க. பாதி மார்க் போனா அரியர்தான்."

அரியர் விழுந்தால் விடுதிச் சலுகை நின்றுவிடும். சலுகை நின்றால் அவளை அங்கே வைத்துப் படிக்க வைக்க எங்களால் ஆகாது. மலை ஏறி வந்துவிட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சம்மதித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாரோ என்னவோ, குரல் உற்சாகமாகிவிட்டது. "இல்லேன்னா ஒரு ஐடியா! அந்த முடியை ஒரு பையில போட்டு அனுப்பிடுங்க. மண்ணு மேல அப்படியே ஒட்டிடலாம். நேர்ந்துகிட்ட முடி! மேடம் அசந்துடுவாங்க. தாடி எங்கேன்னு கேட்டா, இதோ இங்கேன்னு காட்டிடலாம்."

நான் போனை வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் பேசும்போது போனை வைப்பது மரியாதை இல்லை. அவர் பெரியவர் இல்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலோடு எழுந்து நின்றாள். "சாமி வாசல்ல உழுந்த முடியவா? அந்தாளுக்குத் தாய் தகப்பன் இருக்காங்களா இல்லையா?"

"இருப்பாங்க."

"அப்பறம் இப்படியாட்டம் எப்படிங்க வளத்துனாங்க?"

சாமிக்கு இறக்கிய முடி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வேட்டியில் ஒட்டியிருந்தாலும் அங்கேயே உதறிவிட்டுத்தான் கிளம்புவோம். கொடுத்ததைத் திருப்பி எடுத்தால், கொடுக்காததைவிட மோசம்.

திங்கள்கிழமை மகள் முதல் பஸ்ஸில் மலை ஏறி நேரே கோவிலுக்கே வந்தாள். கூட்டம் ஏகமாக இருந்தது. பொங்கல் புகையில் கண் எரிந்தது. முடி இறக்க வரிசையில் நின்றபோதுதான் பார்த்தேன், அவள் கையில் மடித்த மஞ்சப்பை ஒன்று. அவள் அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"அதென்னடி பை?"

"சும்மாதானுங்கம்மா."

"சும்மா பையக் கையில வெச்சுட்டு யாராச்சும் அப்பன் தாடியவே பாத்துட்டு நிப்பாங்களா?"

அவள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கண் தளும்பி நின்றது. மஞ்சள் காமாலையில் கிடந்தபோதுகூட அவள் அழவில்லை, "பரீட்சைக்குப் போயிருவேனில்லீங்கப்பா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதே கண்.

என் முறை வந்தது. கல்லில் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். கத்தி உச்சியில் பட்டது. முதல் கொத்து மடியில் விழுந்தது. அப்போது எனக்குத் தோன்றியதை எழுதத்தான் வேண்டும். சாமிக்கு இவ்வளவு முடி இருக்கிறதே, ஒரு கைப்பிடியைப் பிள்ளை எடுத்துக்கொண்டால் சாமி என்ன கணக்கா பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். வேறு எங்கேயும் இல்லை, சாமியின் வாசலில், கத்திக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. வாத்தியாரைப் பழித்துக்கொண்டு வந்தவன் அதே வியாபாரத்தைத்தான் பேசினேன். தூ என்று இருந்தது.

தாடி விழுந்தது. மீசை விழுந்தது. நிமிர்ந்தால் அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பை தரையில் அவள் காலடியில் கிடந்தது. கண் முடியின் மேல் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் முளைக்காத குழந்தை ஒரு பொருளைப் பார்க்குமே, அப்படி.

"அப்பா, உங்க தாவாங்கட்டை இம்புட்டுச் சின்னதாங்க?"

"ஏன், பெருசா வேணுமா?"

"இல்லீங்க. திரும்புங்க. இந்தப் பக்கம். இப்பக் கொஞ்சம் மேல."

போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். பக்கவாட்டில், பின்னால், கீழிருந்து. முடி இறக்குகிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஏஞ்சாமி, எனக்கும் ஒண்ணு எடு. உங்கொப்பன விட நான் நல்லாத்தான் இருப்பேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவே இல்லை. விரலால் என் தாடை எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முடியை எல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். மஞ்சப்பையில் அவள் அம்மா பொங்கல் பானையை வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கல்லூரிக்குப் போனேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தார்.

"ஐயா, என்னங்கய்யா இது? பையாவது கொண்டுவந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் எப்போதுதான் என்ன பண்ணினார் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது.

மகள் ஈரத்துணியை உருவினாள். முனிவர் உட்கார்ந்திருந்தார். "சார், மேடம் வர்றதுக்கு எவ்வளவு நேரமிருக்குங்க?" "ஒரு மணி நேரம்." "போதுமுங்க" என்றாள். என்னை முக்காலியில் உட்கார வைத்தாள். கம்பி கட்டிய குச்சியை எடுத்து, அந்தத் தாடியின் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அருவி முழுசாகக் கழன்று கீழே விழுந்தது. வாத்தியார், "ஏய் ஏய் ஏய்!" என்றார். தலைமுடியும் போனது. அடியில் தாடையே இல்லை, வெறும் மொத்தை. முகமே செய்யாமல்தான் தாடி செய்திருந்தாள். அதிலிருந்து தாடையை எடுத்தாள். போனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்ப்பாள், மண்ணைப் பார்ப்பாள். ஒட்டிய கன்னம் வந்தது, சின்னத் தாவாங்கட்டை வந்தது. அந்தக் காது மட்டும் மாறவில்லை.

அந்த மேடம் வந்தார். அறுபது வயது இருக்கும், நூல் சேலை, கண்ணாடி. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். மண் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மண்ணைப் பார்த்தார். "இவர்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனால் நம் வாத்தியார் விடுவாரா? தரையில் கிடந்த மண் தாடியை ஒரு செய்தித்தாளில் ஏந்திக்கொண்டு வந்து தலைக்கு முன்னால் வைத்தார். "மேடம், உண்மையான படைப்பு இதுதான். இழப்பு. எடுத்ததையும் சேர்த்துக் காட்டணும்னு நான்தான் சொன்னேன்."

நான்தான் சொன்னேன்! ஏய் ஏய் என்று கத்திய வாய் இன்னும் சரியாக மூடவில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

"அது வேண்டாமுன்னு எடுத்த மண்ணுங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தாளில் எதையோ எழுதினார். மகள் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல் எல்லாம் மண். அரியர் இல்லை. பிள்ளை அங்கேயே படிப்பாள்.

மார்க் போட்டு முடித்ததும் அடுத்த வகுப்புக்கு மண் வேண்டும் என்று, எல்லாத் தலையையும் உடைத்து மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் போடச் சொல்லிவிட்டார்கள். காவலாளி தொட்டிக்குள் போனார், யார் யாரோ போனார்கள். மகள் என் தலையைத் தூக்கிக்கொண்டு தயங்கினாள்.

"போடு கண்ணு. பிள்ளையாரையே மூணாம் நாள் தண்ணியிலதான உடறோம்."

கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

வாத்தியார் மண் தாடியை மட்டும் போட விடவில்லை. செய்தித்தாளோடு பத்திரமாக ஜன்னலில் வைத்து, "இதை யாரும் தொடாதீங்க, அடுத்த கண்காட்சிக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவோடு டீ குடிக்கப் போனார். தலை தொட்டிக்கு, கழிவு கண்காட்சிக்கு. இதுதான் அவர் கற்றது, கற்பிப்பது.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்கிற வரை பொறுத்தேன். பிறகு ஜன்னலருகே போய் அந்தத் தாளை அப்படியே சுருட்டி எடுத்துவந்து தொட்டியில் கவிழ்த்தேன்.

"அப்பா! சார் வந்து கேட்டா என்னங்க சொல்றது?"

"சோதனை பண்ணிப் பாத்தோமுன்னு சொல்லு."

அவள் வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுடிதார்க் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, தண்ணீருக்கு மேலே துருத்தி நின்ற தாடித் துண்டை முழங்கை வரை உள்ளே அழுத்திப் பிசைய ஆரம்பித்தாள்.